பேச்சு போனால் யோசனையும் போய்விடுமா?

அப்பா இன்னும் உள்ளே இருக்கிறாரா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். மொழி, உலகம், தத்துவம் என்று எழுதியிருந்தாலும் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. வேறு பலரும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் சொன்னதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிறிய ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு வயது 68. நான்கு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்தது, பேச்சும் நின்றுவிட்டது. எதைக் கேட்டாலும் "அது... அது..." என்று மட்டும் வருகிறது. குடிக்க வெள்ளம் (நம் பக்கத்தில் தண்ணீரை அப்படித்தான் சொல்வோம்) வேண்டும் என்று கேட்கக்கூட முடியவில்லை. ஆனால் நோட்டைச் சரியாக எண்ணிக் கொடுக்கிறார். ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்கும் இடத்துக்கு உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பூஞ்சை பிடித்த ஷீட்டைக் காட்டுகிறார். குடும்ப ஜெபத்தில் மட்டும் எல்லாரோடும் சேர்ந்து வரிவரியாகச் சொல்கிறார். 'என் மொழியின் எல்லைதான் என் உலகின் எல்லை' என்று எங்கோ படித்ததிலிருந்து உங்களுக்கு மனசு சரியில்லை. மொழி போனவருக்கு உலகம் எப்படித் தெரியும், அவர் உள்ளுக்குள் யோசிக்கிறாரா, யோசித்தால் தமிழிலா மலையாளத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்கிறேன், விளக்கம் பிறகு. மொழி போவதும் சிந்தனை போவதும் ஒன்றல்ல. இன்று இதை உறுதியாகவே சொல்லலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் அப்பா கவனிக்கிறார், நினைவில் வைக்கிறார், கணக்குப் பார்க்கிறார். பூஞ்சையைக் காட்டியது சின்ன விஷயமல்ல. இந்த ஷீட் கெட்டால் விலை குறையும், மகள் இதை இன்னும் பார்க்கவில்லை, கூட்டிப்போய்க் காட்டினால் புரிந்துகொள்வாள் என்பதெல்லாம் அந்த ஒரு செயலுக்குள் இருக்கிறது. நான் நாகர்கோவிலில் பல ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன், படிப்பின் பகுதியாக மொழியியலும் படித்தேன். நரம்பியல் மருத்துவர் இல்லை, உங்கள் அப்பாவை நேரில் பார்த்ததும் இல்லை. அவருக்கு எவ்வளவு புரிகிறது, எவ்வளவு திரும்பும் என்று இங்கிருந்துகொண்டு சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. பொதுவாக எது தெரியும், எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல முடியும்.

பக்கவாதத்தால் மொழி போவதை மருத்துவத்தில் அஃபேசியா என்கிறோம். நவீன மருத்துவத்தில் இதைப் பற்றிய பேச்சு 1861-இல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த ஒரு நோயாளியிலிருந்து தொடங்குகிறது என்று சொல்வார்கள். அந்த மனிதரால் 'டான்' என்ற ஒரே அசையைத்தான் சொல்ல முடிந்தது. இந்த மருத்துவமனையில் எத்தனை வருடமாக இருக்கிறாய் என்று புரோக்கா கேட்டபோது, அவர் ஐந்து விரலையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். 21 வருடம். சரியான பதில். சில நாளில் அவர் இறந்துபோனார், மூளையின் இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்தது. பேச்சின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்த கதையாகத்தான் இதைப் பாடத்தில் படிக்கிறோம். எனக்கு அந்த 21 விரல்கள்தான் முக்கியம். வருடங்களை நினைவில் வைத்து, ஐந்தைந்தாகக் கூட்டி, எதிரே நிற்பவருக்குப் புரியும் வழியைத் தேடிய ஒரு மனம் அங்கே இருந்தது.

இதைவிடக் கறாரான சோதனை 2005-இல் வந்தது. இங்கிலாந்தில் ரோஸ்மேரி வார்லியும் அவருடன் வேலை செய்தவர்களும் இலக்கணத்தையே இழந்துவிட்ட மூன்று பேரைப் பரிசோதித்தார்கள். மனிதன் சிங்கத்தைக் கொன்றானா, சிங்கம் மனிதனைக் கொன்றதா என்பது மாதிரியான வாக்கியங்களில் யார் யாரை என்ன செய்தது என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பதையும், சின்னதிலிருந்து பெரியதைக் கழிப்பதையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. அடைப்புக்குறி போட்ட கணக்குகளையும் செய்தார்கள். அதற்கு முன்பே, இலக்கணம் இழந்த ஒருவரால் மற்றவர் மனதில் இருக்கும் தவறான எண்ணத்தை ஊகித்தறிய முடிகிறது என்றும் வார்லி காட்டியிருந்தார். அமெரிக்காவில் எவலினா ஃபெடரென்கோ வேறு வழியில், நலமாக இருப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். வாக்கியங்களைப் படிக்கும்போதும் கேட்கும்போதும் சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகள், கணக்குப் போடும்போதும் இசை கேட்கும்போதும் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. இந்தச் சான்றுகளையெல்லாம் தொகுத்து, மொழி முதன்மையாகத் தொடர்புக்கான கருவி, சிந்தனைக்கு அது கட்டாயம் இல்லை என்று அவரும் இன்னும் இருவரும் 2024-இல் எழுதினார்கள். எல்லாரும் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் 'மொழி இல்லையென்றால் சிந்தனையே இல்லை' என்று சொல்கிறவர்கள் இன்று இந்தச் சான்றுகளுக்குப் பதில் சொல்வது மிகவும் கஷ்டம்.

இன்னும் இருவரைச் சொல்லலாம். ருஷ்ய இசையமைப்பாளர் விசாரியோன் ஷெபாலின் 1953-இலும் 1959-இலும் பக்கவாதம் வந்து, பேசுவதும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நிலையிலும் இசை எழுதிக்கொண்டிருந்தார். தன் ஐந்தாவது சிம்பொனியை அப்படித்தான் முடித்தார். ஸ்வீடன் கவிஞர் தூமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-இல் பேச்சு போனது, வலது கையும் போனது. இடது கையால் பியானோ வாசித்தார், அதற்குப் பிறகும் கவிதை வெளியிட்டார், 2011-இல் நோபல் பரிசு பெற்றார். இவர்கள் அபூர்வமான மனிதர்கள், உங்கள் அப்பாவுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. மொழி போன இடத்தில் எவ்வளவு மிஞ்ச முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். என்னிடம் வந்தவர்களிலும் பேச்சு ஓரளவு திரும்பிய பிறகு, அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று கேட்டால், பலரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொல்வார்கள்: "சொல்ல வேண்டியது தெரியும், சொல்லுதான் வராது."

இனி சந்தேகம் உள்ள பக்கம். அஃபேசியா ஒரே மாதிரி வருவதில்லை. புரோக்காவின் நோயாளி மாதிரிப் புரிதல் பெருமளவு தப்பியவர்கள் உண்டு, சரளமாகப் பேசியும் பொருள் இல்லாமல் பேசுகிறவர்கள் உண்டு, பேச்சு புரிதல் இரண்டும் சேர்ந்து அடிபட்டவர்களும் உண்டு. பக்கவாதம் மொழிப் பகுதியின் எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. கவனம், திட்டமிடுதல், நினைவு இவற்றிலும் கை வைத்திருக்கலாம். மொழி சிந்தனைக்கு உதவியே செய்வதில்லை என்றும் சொல்ல முடியாது. 2013-இல் கேரி லுப்யானும் டேனியல் மிர்மனும் அஃபேசியா உள்ளவர்களுக்குப் படங்களைக் கொடுத்து வகைபிரிக்கச் சொன்னார்கள். பண்ணை விலங்குகள் மாதிரிப் பல விதத்தில் ஒத்துப்போகும் பொருட்களைச் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. சிவப்பாக இருப்பவை என்று ஒரே ஒரு குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட வேண்டியபோதுதான் தடுமாறினார்கள். ஒரு குணத்தைத் தனியாகப் பிரித்து மனதில் நிறுத்த, பெயர் உதவுகிறது என்று தோன்றுகிறது. அதனால் உங்கள் அப்பாவின் யோசனை அப்படியே பழையபடி இருக்கிறது, வாய் மட்டும்தான் பூட்டிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். யோசனை இருக்கிறது, அதற்குக் கிடைத்துவந்த ஒரு பெரிய துணை இப்போது சரியாகக் கிடைப்பதில்லை.

நீங்கள் படித்த அந்த வரி லுட்விக் விட்கென்ஸ்டைன் என்ற தத்துவவாதி 1921-இல் வெளியிட்டது. எதைப் பொருளோடு சொல்ல முடியும், எதைச் சொல்லவே முடியாது என்ற தர்க்கக் கேள்வியின் நடுவில் வருவது. மூளையில் அடிபட்ட ஒரு மனிதரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதை அப்பாவின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள்.

மொழி நாம் பார்க்கும் உலகத்தை உருவாக்குகிறது என்று நேரடியாகச் சொன்னவர்களில் பெயர்பெற்றவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். அமெரிக்காவில் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எட்வர்ட் சபீரிடம் மொழியியல் படித்தவர். ஹோப்பி என்ற செவ்விந்திய மொழியில் நாம் காலம் என்று சொல்வதைக் குறிக்கும் சொல்லோ இலக்கணமோ இல்லை, அதனால் அவர்கள் காலத்தை நம்மைப் போல உணர்வதில்லை என்றார். 1983-இல் எக்கெஹார்ட் மாலோட்கி அந்த மொழியில் காலத்தைச் சொல்லும் வழிகளைத் திரட்டி ஒரு தடித்த நூலே வெளியிட்டார். அந்தப் பெரிய வாதம் அத்தோடு பலமிழந்தது. ஆனால் வோர்ஃப் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதிலிருந்து பிறந்த சின்னச் சின்ன ஆராய்ச்சிகள்தான் எனக்கு உண்மையில் பயன்பட்டவை.

மொழி புலனையே மாற்றுவதற்கு எனக்குத் தெரிந்த மிக உறுதியான உதாரணம் ஒலி. பத்து, பற்று, பட்டு இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலருடைய வாயில் இவை மூன்றும் மூன்று இடம். 'பத்து'வில் நாக்கு பல்லைத் தொடும், 'பற்று'வில் பல்லுக்கு மேலே ஈறு, 'பட்டு'வில் நாக்கு மடங்கும். மலையாளத்திலும் இந்த மூன்று உண்டு. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பேச்சில் நடுவில் உள்ளது பல் ஒலியோடு கலந்து, காற்று 'காத்து' ஆகிவிட்டது. இந்த வேறுபாடு இல்லாத மொழியில் வளர்ந்தவருக்கு இவை ஒரே ஒலியாகத்தான் கேட்கும், அவர் காது நன்றாக இருந்தாலும். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட சோதனைகளில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்தியில் உள்ள பல் 'த', நாமடி 'ட' இரண்டையும் பிரித்துக் கேட்டன. பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறமை மங்கிவிட்டது. தாய்மொழி எதற்குக் காது கொடுக்க வேண்டும் என்று ஒரு வயதுக்குள்ளேயே பழக்கிவிடுகிறது. எது கேட்கிறது என்பதிலேயே மொழி நுழைந்திருக்கிறது என்று இங்கே தயங்காமல் சொல்லலாம்.

நிறத்தில் விளைவு இதைவிட மெல்லியது. ருஷ்ய மொழியில் அடர்நீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொல். 2007-இல் வெளியான ஒரு சோதனையில், இந்த இரண்டு சொற்களின் எல்லையைத் தாண்டும் நீலங்களை ருஷ்யர்கள் கொஞ்சம் வேகமாகப் பிரித்தார்கள், ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அந்த வேகம் இல்லை. ஆனால் அதே நேரத்தில் எண்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கச் சொன்னதும் ருஷ்யர்களின் வேகமும் போய்விட்டது. கண்ணே மாறியிருந்தால் அப்படிப் போயிருக்காது. சொல் அந்த நொடியில் பக்கத்தில் நின்று உதவியிருக்கிறது, அவ்வளவுதான்.

திசை விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், உங்கள் அப்பாவின் சிகிச்சைக்கே அது தேவைப்படும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் என்ற மொழியைப் பேசுகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் பொருளைக்கூட இடது வலது என்று சொல்லாமல் வடக்கு தெற்கு என்றுதான் சொல்வார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் வியந்து எழுதினார்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. "அந்தச் செம்பைக் கொஞ்சம் கிழக்க நீக்கி வை" என்று அடுக்களையில் சொல்வதை எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். 1990-களில் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டிலேயே இதைச் சோதித்தார். பொம்மைகளை மேசையில் வரிசையாக வைத்துக் காட்டி, ஆளை முழுக்கத் திருப்பி நிறுத்தி, அதே வரிசையை இன்னொரு மேசையில் வைக்கச் சொல்வது சோதனை. திசைச் சொல் பழகிய கிராமத்தவர்கள் பெரும்பாலும் திசை மாறாமல் வைத்தார்கள், இடது வலது பழகிய நகரத்தவர்கள் தங்கள் உடலை வைத்து வரிசைப்படுத்தினார்கள். பேசும் பழக்கமும் நினைவில் வைக்கும் பழக்கமும் சேர்ந்து போகின்றன என்பது இதில் தெளிவு. எது எதற்குக் காரணம் என்பது தெளிவில்லை. 2002-இல் பெக்கி லியும் லைலா கிளைட்மனும் அமெரிக்க மாணவர்களிடமே, சுற்றி இருக்கும் அடையாளங்களை மாற்றினால் இந்த முடிவு மாறுகிறது என்று காட்டினார்கள். அதற்கு மறுப்பும் வந்தது. எனக்குப் படுவதைச் சொல்கிறேன். பெடர்சன் பார்த்த இரண்டு கூட்டமும் பேசியது தமிழ்தான். ஒரே மொழிக்குள் இரண்டு பழக்கம் இருக்க முடியுமென்றால் வேலை செய்வது மொழி என்ற பெரிய பொருள் இல்லை, தினமும் எப்படிப் பேசுகிறோம், எங்கே நடமாடுகிறோம் என்பதுதான்.

நம் மாவட்டத்தில் மலை வடகிழக்கே, கடல் தென்மேற்கே, நடுவில் சரிவு. திசை தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். மேற்கு என்ற சொல் மேல் என்பதிலிருந்தும் கிழக்கு கீழ் என்பதிலிருந்தும் வந்தவை, மலைக்கு அந்தப் பக்கத்துத் தமிழகத்தில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்வதால். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் மேற்கே போனால் இறக்கம், கடல். சொல்லின் பிறப்பை நம்பி இங்கே யாரும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மாற்றி உணர்ந்ததில்லை. சொல் மனதைப் பூட்டிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

இதை ஏன் சிகிச்சையோடு சேர்க்கிறேன் என்றால், அஃபேசியா பரிசோதனையில் "இடது கையால் வலது காதைத் தொடுங்கள்" என்பது மாதிரியான கட்டளைகள் உண்டு. நம் பக்கத்தில் வயதான பலர் உடம்பில் சோத்துக்கை, பீச்சாங்கை என்று அறிவார்கள், இடது வலது அவர்களுக்குப் பள்ளிக்கூடச் சொல். அதில் தவறினால் 'கட்டளை புரியவில்லை' என்று தாளில் பதிவாகிவிடும். திசையைச் சொல்லிக் கேட்டால் அதே மனிதர் சரியாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல்தான் வெள்ளம். உங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க வெள்ளம் என்று கேட்டுக் குடித்தவர் என்றால், தம்ளர் படத்தைக் காட்டித் 'தண்ணீர்' என்று சொல்ல வைப்பது அவருக்கு இன்னொரு மொழியில் பரீட்சை. அப்பாவுக்குப் பயிற்சி கொடுப்பவரிடம் வீட்டில் புழங்கும் சொற்களை எழுதிக் கொடுங்கள். ஒட்டுப்பால், சிரட்டை, பால்வெட்டு மாதிரியான ரப்பர் தோட்டத்துச் சொற்கள் அந்தப் பட்டியலில் முதலில் இருக்கட்டும்.

நோட்டை எண்ணுகிறாரே, பிறகு ஏன் சொல் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எண்ணுவதில் சொல்லின் பங்கு வேடிக்கையானது. அமேசான் காட்டில் வாழும் பிரஹா மக்களின் மொழியில் துல்லியமான எண்களுக்குச் சொல் இல்லை. 2008-இல் வெளியான ஆய்வில், கண்முன்னே இருக்கும் பொருட்களுக்கு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருள் வைக்கச் சொன்னால் அவர்கள் சரியாக வைத்தார்கள். மறைத்துவிட்டு நினைவிலிருந்து வைக்கச் சொன்னபோதுதான் தவறியது. எண்ணைப் பிடித்து மாட்டி வைக்க ஒரு கொக்கி மாதிரி எண்ணுச்சொல் பயன்படுகிறது. உங்கள் அப்பா அந்தக் கொக்கியை ஐம்பது அறுபது வருடம் பயன்படுத்திவிட்டார். வாயால் 'முன்னூறு' என்று வராவிட்டாலும் அளவு அவரிடம் இருக்கிறது. ஒரு தாளில் இலக்கத்தால் எழுதச் சொல்லிப் பாருங்கள், இடது கையால். பலருக்கு அது வரும். விலை, தேதி, போன் எண் எல்லாவற்றையும் அந்த வழியில் பேசலாம்.

தமிழிலா மலையாளத்திலா என்பதற்கு வருகிறேன். சிந்தனையில் பெரும்பகுதி இரண்டிலும் இல்லை என்பதுதான் மேலே சொன்னவற்றின் பொருள். மனதுக்குள் நாமே பேசிக்கொள்வோமே, அந்த உட்பேச்சுக்கு மட்டும்தான் மொழி உண்டு. அதுவும் அஃபேசியாவில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவில் மிஞ்சுகிறது, வெளியிலிருந்து அளப்பது கடினம். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கம். மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோடு பகுதியில் வளர்ந்த ஒருவருக்கு இரண்டு மொழிக்கும் நடுவே வேலி கிடையாது. இருமொழியாளருக்குப் பக்கவாதம் வந்தால் முதலில் கற்ற மொழிதான் முதலில் திரும்பும் என்பது பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ சொன்ன விதி, அதிகம் புழங்கிய மொழி முதலில் திரும்பும் என்று 1895-இல் பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்னார். இரண்டுமே எல்லாருக்கும் பொருந்தவில்லை. பெரும்பாலும் நடப்பது இரண்டும் சேர்ந்து ஒரே அளவில் திரும்புவதுதான். அதனால் வருகிற சொல் எந்த மொழியில் வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். "மலையாளம் வேண்டாம்பா, தமிழ்ல சொல்லுங்க" என்று திருத்தாதீர்கள்.

அவருக்கு உலகம் எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு என்னால் பாதிதான் பதில் சொல்ல முடியும். மரமும் மழையும் பேத்தியின் முகமும் அவருக்கு அப்படியேதான் தெரிகின்றன என்று நம்பக் காரணம் இருக்கிறது. மாறியிருப்பது மற்றவர்களோடு சேர்ந்து வைத்திருந்த உலகம். நாம் ஒரு வீட்டில் வாழ்வது பாதி பேச்சில்தான்: நேற்று என்ன நடந்தது, நாளைக்கு யார் வருவார், அண்ணன் பேசியது சரியா தப்பா என்று எல்லாவற்றையும் பேசித்தான் முடிவுக்கு வருகிறோம். தமிழில் வாயைத் திறந்தாலே எதிரே இருப்பவர் மூத்தவரா இளையவரா, நீயா நீங்களா, நாம் என்பதா நாங்கள் என்பதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பேச்சும் உறவைப் புதுப்பிக்கிறது. அந்தப் புதுப்பித்தலிலிருந்து அவர் வெளியே நிற்கிறார். அவர் முன்னாலேயே அவரைப் பற்றி 'அவருக்கு ஒண்ணும் புரியாது' என்று பேசுகிறவர்களை நீங்கள் தடுக்க வேண்டும். அப்பாவிடம் நேராகப் பேசுங்கள், ஒரு நேரத்தில் ஒரு விஷயம், டி.வி.யை அணைத்துவிட்டு. ஆமா இல்லை என்று தலையசைக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள், பதிலுக்கு நிறைய நேரம் கொடுங்கள். அவர் ஆமா என்று அசைப்பது உண்மையில் ஆமாதானா என்று, பதில் உங்களுக்கே தெரிந்த கேள்விகளைக் கேட்டு முதலில் சரிபாருங்கள். காதையும் கண்ணையும் சோதியுங்கள், வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு அடிக்கடி வரும். சாப்பாடு தூக்கம் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பேச்சில்லாதவரின் சோர்வை யாரும் கவனிப்பதில்லை. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை, நான்கு மாதத்தோடு கதவு மூடிவிடும் என்பது உண்மையில்லை. பேச்சுப் பயிற்சி பலன் தருகிறது என்பதற்கு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வில் சான்று இருக்கிறது.

கடைசியாக ஜெபம். மற்ற நேரமெல்லாம் வராத பேச்சு அப்போது மட்டும் வருவதால், மனம் வைத்தால் பேசுவார் என்று வீட்டில் சிலர் நினைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1870-களிலேயே இரண்டு வகைப் பேச்சைப் பிரித்துச் சொன்னார். ஒன்று, அந்தந்த நேரத்துக்கு நாமாகக் கட்டும் பேச்சு. இன்னொன்று தானாக ஓடிவரும் பேச்சு: ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று, கிழமைகளின் பெயர், கோபத்தில் வரும் வசவு. முதலாவது உடைந்தவர்களிடமும் இரண்டாவது மிஞ்சுவது மிகச் சாதாரணம், அதற்கு மூளையின் வலப்பக்கமும் உள்பகுதிகளும் உதவுவதாகக் கருதப்படுகிறது. ஆகவே அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பாட்டின் ராகத்தில் சொற்களை ஏற்றிப் பழக்கும் முறை 1973-இலிருந்து இருக்கிறது. பழக்கிய சொற்றொடர்கள் வருவதற்கு அது உதவுகிறது, அதிலிருந்து பொதுவான பேச்சுக்குத் தாவுமா என்பதில் சான்று பலவீனம். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: ஜெபத்தில் ஒரு வரியை மெதுவாகச் சொல்லிக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள், அவர் முடிக்கட்டும். அது நன்றாக வந்ததும் அதே மாதிரி அன்றாட வாக்கியத்துக்குப் போங்கள். தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு "எனக்குக் குடிக்க..." என்று இழுத்து நிறுத்துங்கள். முதல் சில வாரம் ஒன்றும் வராமல் போகலாம். வந்த நாளையும் வந்த சொல்லையும் ஒரு நோட்டில் குறித்து வைத்து, பயிற்சி கொடுப்பவரிடம் அடுத்த முறை போகும்போது காட்டுங்கள்.